மூன்றாவது நோயாளி

பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை, பரவாதவை, அறுவை சிகிச்சைக்கோ மாத்திரைக்கோ அடங்கிவிடுபவை. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவில் இவை காணப்படுகின்றன. மிகச் சில கட்டிகள் மட்டும் வேறு வழியில் போகின்றன. மூக்கின் வழியே எடுத்த பின் அதே இடத்தில் மீண்டும் வளர்கின்றன. மறுபடி எடுத்தால் மறுபடி வளர்கின்றன. கதிர்வீச்சையும் மீறுகின்றன. பிட்யூட்டரி கட்டிகளில் ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ மூளையின் பிற பகுதிகளுக்கும் எலும்பு, கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கும் பரவிப் புற்றுநோயாகவே ஆகின்றன. இந்தச் சிறு கூட்டம் எழுப்பும் கேள்வி மருத்துவத்தோடு முடிவதில்லை. மருந்து கொடுத்ததால்தான் கட்டி நின்றதா, கொடுக்காவிட்டாலும் நின்றிருக்குமா என்று உறுதியாக அறிய வழியில்லாதபோது, மருந்து கொடுப்பதற்கு என்ன நியாயம்? கொடுப்பதென்றால் எதுவரை?

இரண்டு பழைய இந்திய நூல்கள் இக்கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கின்றன. பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தின் மும்மைத் தொகுதியில் நோயாளிகளைப் பற்றிய சிறு சூத்திரம் ஒன்று உண்டு. தகுந்த உணவும் மருந்தும் பணிவிடையும் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேறாதவர் ஒருவர். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேறிவிடுபவர் இன்னொருவர். கிடைத்தால் மட்டுமே தேறுபவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவரை முன்னிட்டே உணவும் மருந்தும் பணிவிடையும் விதிக்கப்பட்டன. அவரை முன்னிட்டே மற்ற இருவருக்கும் அவை தரப்பட வேண்டும் என்கிறார் புத்தர். அறத்தைப் போதிப்பது பற்றிய விளக்கத்துக்காகச் சொல்லப்பட்டது இது. ஆனாலும் மருத்துவ நெறியாகத் தனித்து நிற்கும் வலிமை இதற்கு உண்டு. மூவரில் யார் யாரென்று முன்கூட்டித் தெரியாது என்பதைச் சூத்திரம் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெரிந்தால் அந்த விதியே தேவைப்பட்டிருக்காது.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் பத்தாம் அத்தியாயத்தில் இதே சிக்கல் வாதமாக வருகிறது. மருத்துவர், மருந்து, பணியாளர், நோயாளி என்ற நான்கு அங்கங்களும் குறைவின்றி அமைந்தால் நோய் தீரும் என்கிறார் ஆத்ரேயர். மைத்ரேயர் மறுக்கிறார். நான்கும் அமைந்தவர்களில் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் இறக்கிறார்கள்; எதுவும் அமையாதவர்களிலும் அப்படியே. ஆகவே மருத்துவம் செய்வதும் செய்யாததும் ஒன்றே என்பது அவர் வாதம். ஆத்ரேயர் இதை ஏற்கவில்லை. மருத்துவம் இருந்தும் இறந்தவர்களின் நோய் தீராத வகையைச் சேர்ந்தது. மருத்துவம் இல்லாமல் பிழைத்தவர்கள் மருத்துவத்தோடு இன்னும் விரைவாக, இன்னும் துன்பமின்றித் தேறியிருப்பார்கள். தீரும் நோய், தீராத நோய் என்று பிரித்தறிந்த பிறகே மருத்துவர் தொடங்க வேண்டும்; தீராததைத் தொடுபவர் பொருளையும் கல்வியையும் புகழையும் இழப்பார் என்று எச்சரிக்கிறது நூல். வைத்தியரின் புகழைப் பற்றிய இந்தக் கவலை நோயாளிக்கு எந்த வகையிலும் உதவாது என்பது வேறு விஷயம்.

ஆத்ரேயரின் பதிலில் ஒரு பலவீனம் இருக்கிறது. தீராத நோய் என்பது பல வேளைகளில் தீராமல் போன பிறகுதான் தெரிகிறது. மீண்டும் வளரும் பிட்யூட்டரி கட்டியில் இந்தப் பலவீனம் அப்படியே திரும்பி வருகிறது. ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சுற்றியுள்ள திசுக்களுக்குள் ஊடுருவி வழக்கத்தை மீறிய வேகத்தில் வளரும் கட்டியும், அறுவை, கதிர்வீச்சு, வழக்கமான மருந்துகள் ஆகியவை முறையாகத் தரப்பட்ட பின்னும் வளரும் கட்டியும் தீவிரக் கட்டிகள். அதாவது, சிகிச்சைக்கு அடங்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் அடையாளம். நுண்ணோக்கியில் முன்கூட்டிக் கண்டுகொள்ள முயற்சிகள் நடந்தன. 2004-இல் உலக சுகாதார நிறுவனம் செல் பிரியும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 குறியீடு 3 சதவீதத்தைத் தாண்டுவது போன்ற அளவுகோல்களைக் கொண்டு ஒரு தனி வகையை வகுத்தது. அந்த வகையில் விழுந்த கட்டிகள் பல அமைதியாக இருந்தன. விழாதவை சில மூர்க்கமாக வளர்ந்தன. 2017-இல் அந்த வகை கைவிடப்பட்டது. குறியீடு அதிகமாக இருந்தால் இன்றும் மருத்துவர்கள் அடிக்கடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

சிகிச்சையின் முதல் படி அறுவையே. இன்ஸ்புரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907-இல் மூக்கின் வழியாக முதன்முதல் பிட்யூட்டரி கட்டியை எடுத்தார். 1960-களில் மான்ட்ரியாலின் ஜூல் ஹார்டி அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்த பிறகு இந்த முறை நிலைபெற்றது. இன்று எண்டோஸ்கோப் அந்த நுண்ணோக்கியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டது. முதல் அறுவையில் கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தால் நல்லது. சுரப்பியின் இருபுறமும் உள்ள கேவர்னஸ் சைனஸுக்குள் கட்டி நுழைந்துவிட்டால் முழுவதையும் எடுப்பது அரிது. அங்கே கழுத்திலிருந்து மூளைக்குச் செல்லும் கரோடிட் தமனியும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் செறிந்திருக்கின்றன. இரண்டாவது, மூன்றாவது அறுவைகளில் தழும்புத் திசு எல்லைகளை மறைக்கும். மூளைத் தண்டுவடத் திரவம் மூக்கில் கசியும் ஆபத்தும் மிஞ்சியிருக்கும் நல்ல சுரப்பி சேதமாகும் ஆபத்தும் கூடும். மீண்டும் அறுப்பதன் நோக்கம் இங்கே பல நேரம் குணமாக்குவதே அல்ல. பார்வை நரம்பின் மேல் உள்ள அழுத்தத்தைக் குறைக்கவும், கதிர்வீச்சுக்கு இடம் ஏற்படுத்தவும் அது செய்யப்படுகிறது. நோக்கம் மாறிவிட்டதை நோயாளியிடம் சொல்லாமல் ஒப்புதல் வாங்குவது ஒப்புதலே ஆகாது.

கதிர்வீச்சு மெதுவாக வேலை செய்யும். வழக்கமான முறையில் ஐந்து, ஆறு வாரங்களில் 45 முதல் 54 கிரே வரை தரப்படுகிறது. கட்டி சிறிதாகவும் பார்வை நரம்புச் சந்திப்பிலிருந்து சில மில்லிமீட்டர் விலகியும் இருந்தால் ஒரே அமர்வில் தரும் கதிர் அறுவை செய்யலாம். கட்டி வளர்வது நிற்கலாம். மிகையாகச் சுரக்கும் ஹார்மோன் கட்டுக்கு வர ஆண்டுகள் ஆகலாம். இதற்கிடையே நல்ல சுரப்பியும் கதிரில் நலிந்து, அடுத்த பத்தாண்டுகளில் நோயாளிகளில் பாதிப் பேர் வரை ஏதாவதொரு ஹார்மோனை வாழ்நாள் முழுதும் மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். தீங்கு வரும் வாய்ப்பு பெரிது, பயன் மெதுவாகவே வரும் என்ற இந்தக் கணக்கு நெறியியலில் எளிதானது அல்ல. இருபத்தைந்து வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் இதே கணக்கை ஒரே விதமாகப் போட மாட்டார்கள். போடவும் கூடாது.

அறுவையும் கதிர்வீச்சும் தோற்ற பிறகு வருவது டெமோசோலோமைடு. மூளைப் புற்றுக்காகப் பயன்பட்டுவந்த இந்த மாத்திரை தீவிரப் பிட்யூட்டரி கட்டிகளைச் சுருக்கியதாக 2006-இல் முதல் அறிக்கைகள் வந்தன. செல்லின் டி.என்.ஏ-வில் மெத்தில் குழுவை ஒட்டிச் செல்லைச் சாகடிப்பது அதன் வேலை. கட்டிச் செல்லில் எம்ஜிஎம்டி என்ற பழுதுநீக்கும் புரதம் நிறைய இருந்தால் அது அந்தக் குழுவை அகற்றி மருந்தை முறியடிக்கும். 28 நாள் சுற்றில் முதல் ஐந்து நாள் மாத்திரை. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 மில்லிகிராம். அயர்ச்சி, குமட்டல், ரத்த அணுக்கள் குறைதல் ஆகியவை அதன் பக்கவிளைவுகள்.

ஐரோப்பியச் சங்கம் பல நாடுகளிலிருந்து 166 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. அந்தச் சமயத்தில் இந்த நோய்க்கு இதுவே பெரிய தொகுப்பாக இருந்தது. டெமோசோலோமைடு பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்குக் கட்டி ஸ்கேனில் முழுதாக மறைந்தது. 31 சதவீதத்தினருக்குச் சுருங்கியது. 33 சதவீதத்தினருக்கு மாறாமல் நின்றது. 30 சதவீதத்தினருக்கு மருந்தை மீறி வளர்ந்தது. எம்ஜிஎம்டி குறைவாக இருந்தவர்களுக்கும், மருந்தோடு கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் பலன் கூடுதலாக இருந்தது.

இந்த எண்களை அங்குத்தர நிகாயத்தின் மூவரோடு சேர்த்துப் படித்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும். சுருங்கிய கட்டிகள் பற்றி அதிகம் ஐயமில்லை. பிட்யூட்டரி கட்டி, அதுவும் பலமுறை வளர்ந்த கட்டி, தானே சுருங்குவது அபூர்வம். மருந்தை மீறி வளர்ந்தவர்கள் முதல் வகை. மாறாமல் நின்ற மூன்றில் ஒரு பங்கினர்தான் புதிர். அவர்களில் மருந்தால் நின்றவர் எத்தனை பேர், அந்த மாதங்களில் எப்படியும் நின்றிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்று இந்தத் தொகுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பிட மருந்து பெறாத குழு இல்லை. மைத்ரேயர் இன்று இருந்தால் சரியாக இந்த 33 சதவீதத்தின் மேல்தான் விரலை வைத்திருப்பார்.

ஒப்பீட்டுக் குழு இல்லாததற்கு இரண்டு காரணங்கள். நோய் மிக அரிது. ஒரு நாட்டில் போதிய நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். மற்றது நெறி சார்ந்தது. இரு சிகிச்சைகளில் எது மேல் என்று மருத்துவ உலகம் உண்மையாகவே முடிவு செய்யாத நிலையில்தான் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது நியாயம் என்று மருத்துவ நெறியியலாளர் பெஞ்சமின் ஃப்ரீட்மன் 1987-இல் வாதிட்டார். கட்டி வளர்ந்து பார்வையைப் பறித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, ஏறத்தாழ ஐந்தில் இருவருக்குக் கட்டியைச் சுருக்கும் மாத்திரையை மறுத்து வெறும் மாத்திரை தருவதை அந்த அளவுகோல் அனுமதிக்காது. இதனால் அறிவு ஒரு வட்டத்தில் சிக்குகிறது. பலன் இருக்கலாம் என்று நம்புவதால் சோதிக்க முடியவில்லை. சோதிக்காததால் எவ்வளவு பலன் என்று தெரியவில்லை. இதோடு வேறொரு சாய்வும் சேர்கிறது. பலித்த சிகிச்சை கட்டுரையாகிறது. பலிக்காதது கோப்பிலேயே கிடக்கிறது. நோய்த்தடுப்பை முடுக்கும் இபிலிமுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகளால் பரவிய பிட்யூட்டரி கட்டி சுருங்கியதாக 2018-இல் வந்த ஒரே நோயாளியின் அறிக்கை பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது; அடுத்து வந்த அனுபவங்கள் கலவையானவை.

இத்தனைக்கும் பிறகு மைத்ரேயர் வெல்லவில்லை. மருத்துவமும் மருத்துவமின்மையும் ஒன்று என்று சொல்ல அவருக்கு மூன்றாவது நோயாளியே இல்லை என்று காட்ட வேண்டும்; முழுதாக மறைந்த 6 சதவீதமே அதை மறுக்கப் போதும். அவர் நிறுவியது வேறொன்று. மருத்துவர் தமக்கு முன் இருப்பவர் மூன்றாமவர் என்று அறிந்து தொடங்குவதில்லை. மூன்றாமவராக இருக்கக்கூடும் என்று கருதித் தொடங்குகிறார். கருதித் தொடங்கியவருக்கு அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கும் கடமையும் வருகிறது. ஐரோப்பியச் சங்கத்தின் வழிகாட்டி இதை எளிய விதியாக வைத்திருக்கிறது: மூன்று சுற்று முடிந்ததும் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டி வளர்ந்திருந்தால் நிறுத்த வேண்டும். பலன் தெரிந்தால் குறைந்தது ஆறு சுற்று வரை தொடரலாம். இந்த மூன்று சுற்று விதி வெறும் நிர்வாக ஏற்பாடு என்று படிப்பவர்கள் அதன் எடையைத் தவறவிடுகிறார்கள். நிறுத்தும் இடத்தைத் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுவதால்தான் அறியாமையில் தொடங்கிய சிகிச்சைக்கு நியாயம் கிடைக்கிறது.

நிறுத்துவது கைவிடுவது ஆகுமா என்ற கேள்வி குடும்பங்களை வாட்டுகிறது. சமய மரபுகள் இங்கே நாம் பொதுவாக நினைப்பதைவிட நெகிழ்வானவை. இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், இறைவன் மேல் முழுப் பொறுப்புச் சாட்டும் தவக்குல் பற்றிப் பேசும் இடத்தில், தீங்கை நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார். பசிக்கு உணவு, தாகத்துக்கு நீர் போல உறுதியானவை, மருத்துவர்கள் தரும் பேதி மருந்து, குருதி வாங்குதல் போலப் பெரும்பாலும் பலிக்கும் என்று எண்ணத்தக்கவை, வெறும் ஊகமானவை. உறுதியானதை விடுவது தவக்குல் அல்ல, அது தடுக்கப்பட்டது. எண்ணத்தக்கதைக் கைக்கொள்வது தவக்குலுக்கு முரணல்ல, விட்டாலும் பாவமில்லை. டெமோசோலோமைடு இந்த இரண்டாம் வகைக்குள் தயக்கமின்றி அடங்கும். ஒரே நோயாளியின் அறிக்கையை நம்பித் தரும் புது மருந்துகள் மூன்றாம் வகைக்கு மிக அருகில் நிற்கின்றன.

கத்தோலிக்க மரபு வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் சலமான்காவில் இறையியல் கற்பித்த ஃபிரான்சிஸ்கோ டி விட்டோரியா, உயிரைக் காக்கும் கடமை உண்டு, ஆனால் ஒரு மருந்தை வாங்கத் தன் பிழைப்பு முழுவதையும் விற்கும் கடமை இல்லை என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் இதைச் சாதாரண வழி, அசாதாரண வழி என்ற பாகுபாடாக வளர்த்தார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24 அன்று மயக்க மருத்துவர்களிடம் பேசியபோது, ஆளும் இடமும் காலமும் பொறுத்துச் சாதாரணமானவற்றையே கடமையாக்கினார். திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்யும்படி கற்றவரைக் கேட்கிறது. இவற்றில் ஒன்றுகூட மருந்தின் பெயரை வைத்து அளப்பதில்லை. ஒரே மாத்திரை ஒருவருக்குச் சாதாரண வழி, நிலத்தை விற்க வேண்டியவருக்கு அசாதாரண வழி.

ஆனால் அந்த அளவைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. பிட்யூட்டரி நோய்களில் இங்கேதான் எந்தப் பழைய நூலும் எதிர்பார்க்காத தடை ஒன்று வருகிறது. 1932-இல் ஹார்வி குஷிங் விவரித்த நோயில் சுரப்பியின் கட்டி ஏசிடிஹெச் ஹார்மோனை மிகையாகச் சுரந்து, அதன் ஏவலில் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசோலைக் கொட்டுகின்றன. மிகைக் கார்ட்டிசோல் முகத்தையும் வயிற்றையும் மட்டும் மாற்றுவதில்லை. நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் மனச்சோர்வு வருகிறது. தூக்கமின்மை, எரிச்சல், மறதி, சிலருக்கு மனச்சிதைவு போன்ற நிலையும் வரலாம். எனக்கு இனி எதுவும் வேண்டாம் என்று இவர் சொல்லும்போது பேசுவது அவரா, கார்ட்டிசோலா? மருந்துகளும் இதற்கு விலக்கல்ல. ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டிக்குத் தரும் காபர்கோலின், சிலரிடம் சூதாட்டம், மிகைச் செலவு, அடங்காத பாலிச்சை போன்றவற்றைத் தூண்டுகிறது. எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று உற்சாகமாகச் சொல்பவரின் சொல்லிலும் மாத்திரைக்குப் பங்கிருக்கலாம்.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு கையாளத்தக்க கருவி உள்ளது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பாவில், ஆன்மா மனம், புத்தி முதலிய அந்தக்கரணங்களில் ஒன்று அன்று என்றும், ஆனால் அவற்றோடு கூடியே தொழிற்படுகிறது என்றும் நிறுவுகிறார். கரணம் கலங்கினால் ஆள் இல்லாமல் போய்விடவில்லை; ஆளின் விருப்பம் வெளிவரும் வழிதான் கலங்கியிருக்கிறது. ஆன்மா உண்டு என்பதை ஏற்காதவர்களுக்கும் இதன் நடைமுறை முடிவு பயன்படும். நோயாளியின் சொல்லை ஹார்மோனின் சொல் என்று தள்ளிவிடக் கூடாது. அதைக் கடைசிச் சொல்லாக உடனே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஓசிலோட்ரோஸ்டாட், மெட்டிராபோன், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகள் கட்டியைத் தொடாமலே கார்ட்டிசோலைச் சில நாட்களிலும் வாரங்களிலும் இறக்கக்கூடியவை. முதலில் அதை இறக்கி, பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்பதே முறை. மனநிலை தேற ஹார்மோனைவிட நீண்ட காலம் ஆகும் என்பதால் ஒரு முறைக்கு மேல் கேட்க வேண்டியிருக்கும்.

மருந்தால் கார்ட்டிசோல் அடங்காதபோது இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் எடுத்துவிடுவது உண்டு. கார்ட்டிசோல் ஒரேயடியாக நிற்கும். உயிருக்கு வந்த உடனடி ஆபத்து விலகும். ஆனால் கார்ட்டிசோலின் கடிவாளம் அறுந்துபோன பிட்யூட்டரி கட்டி சிலரிடம் வேகமாக வளரத் தொடங்கும். டான் நெல்சன் 1958-இல் விவரித்த இந்த நிலை அவர் பெயராலேயே அறியப்படுகிறது. நன்மையை நாடிச் செய்யும் செயலுக்குத் தீய பக்கவிளைவும் முன்கூட்டித் தெரிந்திருந்தால் அதைச் செய்யலாமா என்று இறையியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். தீமையை நாடாமல், தீமையின் வழியாக நன்மையைப் பெறாமல், நன்மை தீமைக்கு ஈடாக இருந்தால் செய்யலாம் என்பது அவர்கள் விடை. அட்ரீனல் அறுவை இந்த மூன்றையும் தாண்டிவிடுகிறது. ஆனால் விடை அறுவையோடு முடிவதில்லை. கட்டி வளரக்கூடுமென்று தெரிந்தே செய்தவர் அடுத்த பல ஆண்டுகள் எம்.ஆர்.ஐ எடுத்துக் கண்காணிக்கவும் கடமைப்பட்டவர். தொடர்ந்து வந்து காட்ட முடியாத தொலைவில், வசதியில்லாத நிலையில் இருக்கும் நோயாளிக்கு இதே அறுவை வேறொரு அறுவை.

இவ்வளவும் குணம், குணமின்மை என்ற இரண்டே முடிவுகள் இருப்பதாக எண்ணினால் இருண்டு தெரியும். ஆயுர்வேதம் இடையில் மூன்றாவதாக ஒன்றை வைத்தது: யாப்பியம். தீராது, ஆனால் சிகிச்சை நீடிக்கும் வரை தாங்கப்படும் நோய். சாயும் வீட்டுக்கு முறையாக ஊன்றிய முட்டுக்கட்டை என்று சுசுருத சம்ஹிதை அதை விளக்குகிறது. ஸ்கேனில் மாறாமல் நின்ற அந்த 33 சதவீதத்தினரில் பலர் இந்த வகையினர். கட்டி அங்கேயே இருக்கிறது, பார்வை இருக்கிறது, வேலைக்குப் போகிறார்கள். இதைத் தோல்வி என்று எழுதும் மருத்துவக் குறிப்புகளே பிழையானவை.

கட்டிக்கான சிகிச்சையை நிறுத்த முடிவாகும்போது ஒரு வேறுபாட்டைக் குடும்பமும் மருத்துவரும் தவறவிடக் கூடாது. பல அறுவைகளும் கதிர்வீச்சும் கடந்து வந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சொந்தமாகக் கார்ட்டிசோலும் தைராய்டு ஹார்மோனும் சுரப்பதில்லை. அவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கஸ்ஸாலியின் முதல் வகை. சோறும் நீரும் போன்றது. அதை நிறுத்தினால் கட்டி கொல்வதற்கு வெகு முன்பே, சில நாட்களில், ரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போய்விடும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகப் போட வேண்டும். இனிச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கையொப்பமிடும் தாளில், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை மருந்தின் பெயர் சொல்லியே எழுதுங்கள்.